பழைய நெடுஞ்சாலையின் இடப்பக்கம்

முப்பது ஆண்டுகளாகச் சாலையைப் பார்த்தே வயிறு வளர்த்த ஒரு மனிதர், வார ஓய்வு நாளிலும் சாலையைப் பார்க்கப் போகிறேன் என்றால், அதை ஊர் நம்பலாம், மனைவி நம்பமாட்டாள். அந்த மனைவி பயணச்சீட்டுப் பரிசோதகராகவும் இருந்துவிட்டால், நம்பாமல் இருப்பது அவளுக்குப் பாதித் தொழில்.

இருபத்திரண்டு ஆண்டுகளாக அவள் பேருந்துகளில் ஏறிச் சீட்டில்லாதவர்களைப் பிடித்துவந்தாள். சட்டைப் பையைத் துழாவுகிறவர்களை அவள் பொருட்படுத்துவதில்லை. அவர்களில் முக்கால்வாசிப் பேர் உண்மையாகவே சீட்டைத் தொலைத்தவர்கள். அவள் பார்ப்பது கண்களை. பக்கத்தில் வந்து நிற்கும் ஓர் ஆளை, நிற்கவேயில்லை என்பதுபோல் விட்டுவிட்டு எவன் நேரே பார்த்துக்கொண்டிருக்கிறானோ, அவனிடம் சீட்டு இராது. இந்த விதி ஒருமுறையும் பொய்த்ததில்லை என்று டிப்போவில் பேச்சு. ‘எக்ஸ்ரே அம்மா’ என்று அங்கே அவளுக்குப் பட்டம்.

அந்த விதி நான்கு மாதங்களாக அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்திருந்தது.

கணவர் அதே டிப்போவின் ஓட்டுநர். ஒரு கீறல்கூட விழாமல் வண்டி ஓட்டியவர் என்று பெயரெடுத்தவர். ஓய்வு பெறப் பதினோரு மாதம் இருந்தது. நான்கு மாதங்களுக்கு முன், எல்லா ஓட்டுநரும் ஏங்கும் விரைவுச்சாலைப் பேருந்தைத் தாமே எழுதிக்கொடுத்து விட்டுவிட்டு, பழைய நெடுஞ்சாலையில் ஊர்ந்து செல்லும் காலை வண்டியைக் கேட்டு வாங்கினார். அது முதல் விந்தை. வார ஓய்வு நாளில் வீட்டுக் காரை எடுத்துக்கொண்டு அதே சாலைக்குப் போய் மாலையில் திரும்பினார். அது இரண்டாவது. ஒருநாள் அவள் காரைத் துடைக்கும்போது இடப்பக்கத்துக் கண்ணாடி உள்நோக்கி நன்றாகத் திருப்பிவைக்கப்பட்டிருப்பதைக் கண்டாள். இடப்பக்க இருக்கையில் இருக்கும் ஒருத்தி தன் முகத்தைத் திருத்திக்கொள்ள வாகாக இருந்தது அது. அன்று அவள் துடைப்பதைப் பாதியில் நிறுத்தினாள்.

இவை எல்லாவற்றையும்விட அவளைக் குடைந்தது வேறொன்று. மேசையில் அவள் எப்போதும் அவருக்கு இடக்கைப்புறம் அமர்பவள். அவள் பேசினால் பதில் வரும், பார்வை வராது. அவள் வைத்த காப்பி அங்கேயே ஆறும். இருபத்தாறு ஆண்டு மணவாழ்வில் ஒரு மனிதர் மனைவியின் முகத்தை இவ்வளவு நேர்த்தியாகத் தவிர்க்கக் கற்றுக்கொள்வாரென்றால், யாரோ கற்றுக்கொடுத்திருக்க வேண்டும்.

அக்காவிடம் தொலைபேசியில் சொன்னாள்.

"ஓய்வு நாள் ஆனா கார எடுத்துட்டுப் போயிடறார்க்கா. கேட்டா, அந்தப் பக்கம் இயற்கை நல்லா இருக்குங்கறார்."

"இயற்கைக்கு என்ன வயசாம்?" என்றாள் அக்கா.

"விளையாடாதக்கா."

"நான் எங்கடி விளையாடறேன்? உங்க மாமா ஒரு தடவ நட்சத்திரம் பார்க்க மொட்டை மாடிக்குப் போறேன்னார். நான் பின்னாலயே போய்ப் பார்த்தேன். பீடி. அதோட போச்சு. நீயும் கூடப் போ. ஏறி உக்காரு. உன்னால ஒரு பஸ்ஸ நிறுத்தி அம்பது பேரச் சோதிக்க முடியுது, ஒரு ஆளச் சோதிக்க முடியாதா?"

தொலைபேசியை வைத்துவிட்டு அவள் ஒரு காரியம் செய்தாள். மகள் வாழ்க்கைப்பட்டிருக்கும் ஊருக்கு மாற்றல் கேட்கும் விண்ணப்பத்தை நிரப்பிக் கையெழுத்திட்டுக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். திங்கள் காலை மேலாளரிடம் நீட்டினால் போதும். அவர் உண்மையானவரென்றால் அது கிழியும். இல்லையென்றால் அவள் போய்விடுவாள். ஒரு பகலுக்குள் தெரிந்துவிட வேண்டும் என்பதுதான் அவள் தனக்கு விதித்த கெடு.

ஞாயிறு காலை அவர் சாவியை எடுத்தபோது அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நின்றாள்.

"நானும் வரேன்."

"எங்க?"

"நீங்க பார்க்கற இயற்கைய நானும் பார்க்கறேன்."

"வெயிலா இருக்குமேம்மா."

"உங்களுக்கு மட்டும் நிழலாவா இருக்கு?"

அவர் சாவியை இரண்டு முறை உள்ளங்கையில் உருட்டினார். "சரி, வா," என்றார். மறுப்பதற்குக் காரணம் தேடிக் கிடைக்காதவரின் ‘சரி’ அது. அவள் அதையும் குறித்துக்கொண்டாள்.

நகரின் கடைசிக் கிடங்குகள் பின்தங்கியதும் சமவெளி தன்னை விரித்துக் காட்டியது. வானும் மண்ணும் தழுவிக்கொள்ளும் எல்லைவரை மேடென்று சொல்ல ஒன்றுமில்லை. பூத்து நிமிர்ந்த சூரியகாந்தி வயல்கள் ஒருபால். அறுவடை முடிந்து தாள் மட்டும் எஞ்சிய நிலங்கள் மறுபால். நடுவே, மூன்று தலைமுறைக்கு முன்பு யாரோ நட்டுவைத்த மரங்கள் இருமருங்கும் கிளைகோத்து நிற்க, அவற்றின் நிழலுக்குள் நீண்டு கிடந்தது பழைய நெடுஞ்சாலை. மரந்தோறும் இடுப்பில் வெள்ளைப் பட்டை. வெகு தொலைவில் விரைவுச்சாலை ஒரு வெள்ளிக் கோடாக மின்னியது. அதில் செல்லும் வண்டிகள் வண்டிகளாகத் தெரியாமல் ஒளித்துளிகளாக வழிந்தன. அது பிறந்த நாளில் இந்தப் பழைய சாலைக்கு வயதாகிவிட்டது. பூட்டிய விடுதி, கூரை சரிந்த சுங்கச்சாவடி, எண்கள் நின்றுபோன பெட்ரோல் பங்க் எல்லாம் தம் பழம்பெருமையைக் கேட்க ஆளின்றி நின்றன. படைத்தவன் அவசரமில்லாத ஒரு பொழுதில் வரைந்த நிலம் என்றே தோன்றிற்று.

அழகுதான். அதனாலேயே அவளுக்குச் சந்தேகம் மிகுந்தது. இவ்வளவு அழகான சாக்கு இவருக்குத் தாமாகத் தோன்றியிராது.

அவர் மெல்ல ஓட்டினார். உதடுகள் ஓயாமல் அசைந்துகொண்டிருந்தன.

"என்ன முணுமுணுக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. பழக்கம்."

"சாமிக்கா?"

"சாலைக்கு."

இடப்புறம் நீர் தேங்கிய பள்ளத்தில் கொக்குகள் வெண்மலர்களாக இறங்கியிருந்தன. "அங்க பாருங்க, எவ்வளவு கொக்கு," என்றாள்.

"ஆமா. அழகா இருக்கு."

அவர் தலை திரும்பவேயில்லை. இயற்கையை ரசிக்க வாரந்தோறும் நூற்று நாற்பது கிலோமீட்டர் ஓட்டுகிற மனிதர், இயற்கை நேரில் வந்து நின்றபோது சாலையின் நடுக்கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிறிது தூரம் சென்று, அவர் தாமாகவே பேசினார். "இப்போ இந்தப் பக்கம் ஒரு செங்கல் சூளை வரும். அதுக்கப்புறம் ரெண்டு பாலம். ரெண்டாவது பாலத்துக்குக் கைப்பிடிச் சுவர் உடைஞ்சிருக்கும்."

வந்தன. சூளையும், பாலமும், உடைந்த சுவரும் அவர் சொன்ன வரிசையிலேயே வந்தன. அவர் ஒன்றையும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வீட்டின் படிக்கட்டுகளை இருட்டில் ஏறத் தெரிந்தவன் அவ்வீட்டுக்கு விருந்தாளியல்லன் என்று அவள் எண்ணினாள். எத்தனை முறை வந்தால் இவ்வளவு பாடமாகும்?

பரிசோதகர்களுக்கு ஒரு தந்திரம் உண்டு: இல்லாத ஒன்றைச் சொல்லி முகத்தைப் படிப்பது. இடப்புறம் ஈ காக்கை இல்லாத வெறும் வயல் கிடந்த ஓரிடத்தில் அவள் மிகச் சாதாரணமாகச் சொன்னாள்:

"அட, அங்க ஒரு பொண்ணு நின்னு நமக்குக் கை காட்டறாளே."

அவர் தோள்கள் இறுகின. கால் தானாகப் பிரேக்கை நாடியது, கார் தளர்ந்தது. ஆனால் அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இருக்கட்டும். நாம போவோம்," என்றார்.

இல்லாத பெண்ணுக்காக ஒரு மனிதர் வண்டியைத் தளர்த்துகிறாரென்றால், இருக்கிற பெண் ஒருத்தி இச்சாலையில் எங்கோ நிற்கிறாள். கைப்பையின் பிடியை அவள் விரல்கள் இறுக்கிக்கொண்டன.

பத்து நிமிடத்தில் அந்தப் பெண்ணையும் கண்டுவிட்டதாக அவள் நினைத்தாள்.

சாலை ஒரு ரயில் பாதையைக் கடக்கும் இடத்தில் தகரக் கூரை போட்ட தேநீர்க் கடை. அவர் காரை நிறுத்தினார். கடைக்காரி நாற்பது வயதிருப்பாள்; உயரமானவள்; சிரித்துக்கொண்டே பேசுபவள்.

"வாங்க, கல் எண்ணறவரே. என்ன, இன்னைக்குக் கணக்குப்பிள்ளையோட வந்திருக்கீங்க?"

"என் வீட்டம்மா," என்றார் அவர்.

"அதான் சட்டை இஸ்திரி போட்டிருக்கு."

அவள் சிரிக்கவில்லை. "கல் எண்ணறவர்னா?" என்று கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியாதா? வண்டிய நிறுத்திட்டு இறங்கி நடப்பாரும்மா. மைல் கல்லப் பார்ப்பார், மரத்தத் தொட்டுப் பார்ப்பார், பாலத்துல இருந்து திருப்பம் வரைக்கும் காலடி வெச்சு அளப்பார். மரத்த ஏலத்துல எடுக்க வந்த ஆளுன்னு நெனச்சு நான் ஒரு மாசம் முறைச்சுக்கிட்டே டீ குடுத்தேன்."

"அப்புறம் முறைக்கறத விட்டுட்டீங்களாக்கும்."

"வாடிக்கையா வர்றவங்கள எத்தன நாள் முறைக்கறது?"

மேசை மேல் கடைக்காரி அவளுக்கொரு குவளை வைத்தாள். பிறகு அவரைச் சுற்றி நடந்து வலக்கைப்புறம் போய், விரல்களுக்கு அருகில் அவர் குவளையை வைத்தாள்.

"ஏன் சுத்திட்டுப் போறீங்க?" பரிசோதகரின் குரலில் கேள்வி வந்தது.

"அவருக்கு இந்தப் பக்கம் வெச்சாத்தான் எடுப்பார். அந்தப் பக்கம் வெச்சா ஆறிப்போயிடும். நான் மூணு டீ கொட்டி எடுத்த அனுபவம்மா."

தேநீர் அவள் நாவில் கசந்தது. இருபத்தாறு ஆண்டு பரிமாறியவளுக்குத் தெரியாத ஒன்று, தகரக் கொட்டகையில் ஒருத்திக்குத் தெரிந்திருக்கிறது. எந்தப் பக்கம் வைத்தால் எடுப்பார் என்று அவள் அறிந்துவைத்திருக்கிறாள். அவர் தலையைக் குனிந்து தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். காது மடல் சிவந்திருந்தது.

மீண்டும் புறப்பட்டார்கள். சூரியகாந்தி இப்போது சாலையின் விளிம்புவரை நெருங்கி வந்துவிட்டது. ஆள் உயரப் பூக்கள் அத்தனையும் ஒரே திசையில் முகம் திருப்பித் தொழுதுகொண்டு நின்றன. அவற்றுக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

"யார் அவ?"

"யாரு?"

"நான் யாரக் கேக்கறேன்னு உங்களுக்குத் தெரியும்."

"டீக்கடைக்காரம்மா. வேற யாரு?"

"நான் டிக்கெட் செக்கர்ங்க. இத விடப் பெரிய பொய் சொன்னவங்களெல்லாம் எங்கிட்ட அழுதிருக்காங்க. இந்தச் சாலைல உங்களுக்கு என்ன இருக்கு? எதுக்கு எக்ஸ்பிரஸ் வண்டிய விட்டீங்க? கண்ணாடிய யாருக்குத் திருப்பி வெச்சீங்க?"

அவர் நடுக்கோட்டையே பார்த்து ஓட்டினார்.

"என் முகத்தப் பார்த்துப் பேசுங்க."

"வண்டி ஓட்டறேன்ல."

"நாலு மாசமா வண்டியா ஓட்டிட்டிருந்தீங்க? சாப்பிடும்போது கூடவா ஸ்டியரிங் பிடிச்சிட்டிருந்தீங்க?"

அப்போதுதான் அவள் அதைப் பார்த்தாள். இடப்புறம் பூக்களுக்கு நடுவே ஒரு வயல் வழி திறந்தது. அதிலிருந்து பசுந்தீவனக் கட்டு ஒன்று, தானே நடந்து வருவதுபோல், சைக்கிளின் மேல் அசைந்து அசைந்து சாலைக்கு வந்துகொண்டிருந்தது. எண்பது அடி தூரம். அவர் பிரேக்கைத் தொடுவார் என்று அவள் காத்திருந்தாள். கண்ணுள்ள எவரும் தொட்டிருப்பார். நாற்பது அடி. அவர் முகத்தில் ஒரு மாற்றமுமில்லை. உதடுகள் மட்டும் எதையோ எண்ணிக்கொண்டிருந்தன.

"ஏங்க, சைக்கிள்!"

அவர் எங்கே என்று கேட்கவில்லை, கேட்க நேரமில்லை. பிரேக்கை முழுதும் மிதித்து வண்டியை வலப்புறம் ஒடித்தார். டயர்கள் அலறின. தீவனக் கட்டு காரின் இடப்பக்கத்தை வருடிக்கொண்டு சாய்ந்தது. சைக்கிளும் ஆளும் அதோடு பள்ளத்தில் இறங்கினார்கள்.

அவள் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். சைக்கிள்காரர் தீவனத்தின் மேலேயே விழுந்திருந்ததால் அடிபடவில்லை; எழுந்து முழங்கையைத் தட்டிக்கொண்டார். ஐம்பது வயது விவசாயி. மீசையில் புல் ஒட்டியிருந்தது.

"ஏன் சார், நான் என்ன கொசுவா, கண்ணுக்குத் தெரியாம போறதுக்கு? ஒரு ஏக்கர் தீவனத்த சைக்கிள்ல ஏத்திட்டு வரேன், வானத்துல இருந்து பார்த்தாலே தெரியும். உங்களுக்குத் தெரியலயா?"

அவர் காரிலிருந்து இறங்கி வந்து கைகூப்பினார். "தப்பு என்னோடதுதான். மன்னிச்சிருங்க."

"மன்னிக்கறது இருக்கட்டும். கண்ண எங்க வெச்சுட்டு வந்தீங்க?"

அந்தக் கேள்விக்கு அவர் முகத்தில் எழுந்ததை அவள் கண்டாள். திட்டு வாங்கியவன் முகத்தில் வரும் சினமோ வெட்கமோ அன்று அது. ஒளித்துவைத்த பொருளை ஒருவன் தற்செயலாகக் கையால் தொட்டுவிட்டால், ஒளித்தவன் முகத்தில் தோன்றுமே, அந்தத் திகில்.

ஆறிய காப்பி, திரும்பாத தலை, வலப்பக்கம் வைத்த குவளை, இல்லாத பெண்ணுக்குத் தளர்ந்த வண்டி. நான்கும் அவள் உள்ளத்தில் இடம் மாறி உட்கார்ந்தன.

"அப்படியே நில்லுங்க," என்றாள். "அந்த மைல் கல்ல மட்டும் பாருங்க. தலையத் திருப்பக் கூடாது."

"எதுக்கும்மா இதெல்லாம்..."

"பாருங்கங்கறேன்."

அவர் கல்லைப் பார்த்தார். அவள் அவருடைய இடத்தோளுக்கு அருகே கையை நீட்டி மெல்ல முன்னே கொண்டுவந்தாள். தோள், காது, கன்னம். "என் கை தெரிஞ்சா சொல்லுங்க." அவர் சொல்லவில்லை. கை மூக்கு நுனிக்கு நேராக வந்தபோது அவர் கண் சிமிட்டிற்று.

"இப்போ," என்றார்.

சைக்கிள்காரர் திட்டுவதை நிறுத்திவிட்டுத் தீவனத்தைக் கட்டத் தொடங்கினார்.

அவர் மைல் கல்லின் மேல் அமர்ந்து சொன்னார். இடக்கண்ணில் கிளாக்கோமா என்னும் நீரழுத்த நோய், பார்வை ஏறத்தாழ முழுதும் போய்விட்டது. வலக்கண்ணிலும் மூக்கோரமாக இருட்டு ஏறிவருகிறது. போனது திரும்பாது, இருப்பதைக் காக்க மருந்து உண்டு, வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"டிப்போல கண் டெஸ்ட்?"

"அந்த எழுத்துப் பலகைய முப்பது வருஷமா மாத்தலம்மா. தூக்கத்துல கேட்டாலும் கடைசி வரி வரைக்கும் ஒப்பிப்பேன்."

"கண்ணாடி?"

"கொஞ்சம் தலை திருப்பினாலே அந்தப் பக்கம் தெரியணும்னு உள்ள திருப்பினேன். விரைவுச்சாலைல அதெல்லாம் செல்லாது. நாலு வரிசைல பறக்கறாங்க. இங்க அப்படியில்ல. மரம் நகராது. பாலம் நகராது. எத்தனாவது மரத்துல திருப்பம், எங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க நிக்கும், எல்லாம் பாடம். ஓய்வு நாள்ல வந்து வந்து படிச்சேன்."

பழம்பாடல்களை மனனம் செய்யும் மாணவனைப்போல் அவர் ஒரு சாலையின் இடப்பக்கம் முழுவதையும் நெட்டுருச் செய்திருந்தார். ஏமாற்று என்று மட்டும் அதைச் சொல்ல அவளால் முடியவில்லை. அவள் நெஞ்சு ஒரு கணம் அவர் காலடியில் போய் நின்றது. இன்னொரு பெண் இல்லை. அந்த நினைவு அவளுக்குள் ஓர் இதமாகப் பரவிற்று. பரவிய மறுகணமே அந்த இதத்தின் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. இதற்காகவா மகிழ்கிறாய்? நாளை காலை ஐந்து நாற்பதுக்கு இவர் ஐம்பது பேரை ஏற்றிக்கொண்டு இதே வழியில் வரப்போகிறார். பூக்களுக்குள்ளிருந்து சைக்கிள் வருவதை எந்தப் பாடத்தில் படித்தார்?

"ஏறு. போய்க்கிட்டே பேசலாம்," என்று அவர் எழுந்து காருக்குள் அமர்ந்தார். "பதினோரு மாசம்தான். மெதுவாத்தானே ஓட்டறேன். சொன்னா என்ன பண்ணுவாங்க தெரியுமா? டிப்போ வாசல்ல ஒரு ஸ்டூலப் போட்டு உக்கார வைப்பாங்க. போற வர்ற வண்டி நம்பரக் குறிக்கச் சொல்லுவாங்க. நேத்து வந்த பசங்கல்லாம் ஹாரன் அடிச்சுட்டுப் போவானுங்க."

அவள் ஏறவில்லை. செருப்பொலி எழாமல் நடந்துபோய் ஓரிடத்தில் நின்றாள்.

அவர் எஞ்சினை முடுக்கினார். "ஏம்மா, வா."

"நான் எங்க நிக்கறேன், சொல்லுங்க."

"இதென்ன விளையாட்டு?"

"தலையத் திருப்பாம சொல்லுங்க. நாளைக்குத் திருப்பறதுக்கு நேரம் கிடைக்காது."

எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. அவள் காரின் முன் இடச் சக்கரத்துக்கு ஒரு கையளவு முன்னால் நின்றாள். அவர் விழிகள் நடுச்சாலையிலேயே இருந்தன. குரல் வந்த பக்கத்தை வைத்து அவர் கதவருகே என்று சொல்லலாம். பின்னால் என்று சொல்லலாம். அவர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் அடங்கியதும் வயல் முழுவதும் வண்டுகளின் ஒலி கேட்டது.

"நீங்களா டிப்போல சொல்றீங்களா, நான் ரிப்போர்ட் எழுதவா?" என்றாள்.

"கட்டினவன் மேலயே எழுதுவியா?"

"எழுதுவேங்க. எழுதிட்டு வீட்டுக்கு வந்து உங்க கூடவே அழுவேன்."

அவர் தொலைபேசியை எடுத்தார். டிப்போவின் நேரக் காப்பாளர் குரல் இவளுக்கும் கேட்டது.

"அண்ணே, சொல்லுங்க."

"நாளைக்குக் காலை வண்டிக்கு வேற ஆள் போடு."

"என்னண்ணே, திடீர்னு? உடம்பு சரியில்லயா? எத்தன நாள் லீவு?"

"லீவு இல்ல. இனிமே ஓட்டல. கண்ணு போச்சு."

"நல்லா இருக்கற கண்ண ஏண்ணே..."

"நல்லா இல்லடா. நாளைக்கு மேலாளர நேர்ல வந்து பார்த்துச் சொல்றேன். நீ முதல்ல ஆளப் போடு."

அவளுக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிள்காரர் வண்டியைத் தம் மாட்டுக் கொட்டகை ஓரமாகத் தள்ளி நிறுத்த இடம் கொடுத்தார். "மாடு இடிச்சா நான் பொறுப்பில்ல. அதுக்குக் கண்ணு நல்லாத் தெரியும், கோபம்தான் ஜாஸ்தி," என்று சொல்லிவிட்டுப் போனார். பிற்பகல் மூன்று மணிக்கு நகரத்துக்குப் போகும் பேருந்து வந்தது. அவர் வழக்கமாக ஓட்டும் அதே வண்டி. மாற்று ஓட்டுநர் ஓட்டிவந்தார். நடத்துநர் இருவரையும் கண்டு வியந்து இடம் காட்டினார்.

அவள் அவருக்கு வலப்புறம் அமர்ந்தாள். மரங்களின் வெள்ளைப் பட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன. ஒவ்வொரு திருப்பத்துக்கும் முன்னால் அவர் வலக்கால் தரையை மிதித்தது.

"எப்போ இருந்து தெரியும் உங்களுக்கு?"

"நாலு மாசமா. வண்டி மாத்தினப்பதான்."

அவள் அவரையே பார்த்தாள்.

"ஏழு," என்றார்.

அப்படியானால் மூன்று மாதம் விரைவுச்சாலையிலும் அப்படியே ஓட்டியிருக்கிறார். கேட்கக் கூடாதென்று நினைத்த ஒன்று அவள் நாவுக்கு வந்தது. கேட்காமல் இந்த மனிதரோடு இனி ஒரு மேசையில் அமர முடியாது என்பதும் தெரிந்தது.

"ஏழு மாசத்துல எதையாவது இடிச்சீங்களா?"

பேருந்து ஒரு பாலத்தைக் கடந்தது.

"ஒரு ஆடு. போன மாசம். இந்தச் சாலைலதான்."

"ஆடுதானா?"

"ஆடுதான். வண்டிய நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். ஒரு அம்மா ஓடி வந்தாங்க. கையில இருந்தத அப்படியே குடுத்தேன். யார்கிட்டயும் சொல்லல. கூட இருந்த நடத்துநரும் சொல்லல."

அவள் அவர் கண்களுக்குள் பார்த்தாள். அவர் பார்வையை விலக்கவில்லை. நேருக்கு நேர் தந்தார். ஆயினும் அவளுக்கு ஒன்றும் படிக்க வரவில்லை. இத்தனை நாளும் பிழையாகப் படித்த எழுத்து, இன்று சரியாகப் படிக்கிறோம் என்று எப்படி நம்புவது? ஆடு என்பது உண்மையாக இருக்க வேண்டுமே என்று அவள் கும்பிடும் தெய்வத்தையெல்லாம் மனத்துக்குள் அழைத்தாள்.

"அந்த அம்மா வீடு எங்க?"

"இன்னும் ரெண்டு நிறுத்தம்."

"இறங்கிப் பார்த்துட்டுப் போகலாமா?"

கேட்ட உடனே அவளுக்கு நாக் கூசிற்று. அவர் வெகுளவில்லை. முன்னிருக்கைக் கம்பியைப் பிடித்து எழுந்தார், நடத்துநரைப் பார்த்து, "தம்பி, வேப்பமரத்து வீட்டுக்கிட்ட நிறுத்தச் சொல்லு. நாங்க இறங்கறோம்," என்றார்.

"அண்ணே, இதுக்கப்புறம் ஏழு மணிக்குத்தான் வண்டி."

"பரவாயில்ல. காத்திருக்கோம்."

விசில் ஒலித்தது. வண்டி நின்றது. சாலையோரத்து வீட்டின் முன்னால் ஒரு பெண்மணி குட்டி ஆடு ஒன்றுக்குப் புட்டியில் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். இறங்கி வருகிறவரை நெற்றியில் கைவைத்து உற்றுப் பார்த்தாள். அடையாளம் கண்டதும் புட்டியைக் கீழே வைத்தாள்.

"வந்துட்டாரய்யா," என்றாள். "இதோட அம்மாவத்தான் ஏத்திக் கொன்னீங்க. இப்போ இது ராத்திரி பகல் கத்திக்கிட்டே கிடக்கு, நான் தூங்கி ஒரு மாசமாச்சு. வந்தது வந்தீங்க, இதக் கொஞ்சம் பிடிங்க. எனக்கு உள்ள வேல கிடக்கு."

அவர் மண்ணில் அமர்ந்தார். குட்டி எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரியாமல் அவர் கை வெற்றிடத்தில் துழாவியது. அவள் கைப்பையை, உள்ளிருந்த விண்ணப்பத்தோடு, மண்ணில் வைத்துவிட்டுக் குனிந்து, அந்தக் கையைப் பற்றி, குட்டியின் கழுத்தில் கொண்டுபோய் வைத்தாள்.